என்ஹெச்ஐஎஸ் (தமிழக அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு): கவரேஜ் 5 லட்சம், கிடைத்தது 50,000. மீதியை நான்தான் கட்ட வேண்டுமா?

சாக்பீஸ்_திண்டுக்கல்
(2024 ஆகஸ்ட்)

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். போன மாதம் என் மனைவிக்குக் கர்ப்பப்பை நீக்கும் ஆபரேஷன் நடந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். இ-கார்டைக் காட்டிய பிறகும் முன்பணம் 40,000 கேட்டார்கள். "கேஷ்லெஸ்தானே?" என்றால், "அப்ரூவல் வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம் சார்" என்று பதில்.

கடைசியில் பில் 1,18,500. காப்பீட்டில் அனுமதித்தது 50,000. முன்பணம் போக 28,500 கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்று சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

2021 ஜூலையிலிருந்து இதற்காகச் சம்பளத்தில் மாதம் 300 பிடிக்கிறார்கள். இதுவரை ஒரு ரூபாய் கிளெய்ம் செய்ததில்லை. 5 லட்சம் இருக்கும்போது ஏன் 50,000? கார்டில் ஏதாவது தவறா, களஞ்சியத்தில் (சம்பளம் போடும் அரசு இணையதளம்) பிடித்தம் சரியாக ஏறவில்லையா? அப்புறம் இன்னொன்று. அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அவர்களை இதில் சேர்க்க வழி இருக்கிறதா?

பில்_கிளார்க்

சார், கார்டிலும் தவறில்லை, பிடித்தத்திலும் தவறில்லை. பிடித்தம் ஏறாமல் இருந்தால் 50,000கூட வந்திருக்காது.

29.6.2021 தேதியிட்ட நிதித்துறை அரசாணை எண் 160ஐ எடுத்துப் படியுங்கள். அந்த 5 லட்சம் வருடத்துக்கு அல்ல. குடும்பம் முழுவதற்கும், நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 5 லட்சம். எங்கள் அலுவலகத்திலேயே பாதிப் பேர் வருடா வருடம் 5 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புற்றுநோய், உறுப்பு மாற்று மாதிரி குறிப்பிட்ட சிலவற்றுக்கு 10 லட்சம். அதே ஆணையில் சில சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000, கர்ப்பப்பை நீக்கத்துக்கு 50,000. உங்களுக்கு வந்தது அந்த முழு உச்சவரம்பு. அதை எதிர்த்து மனு போட்டுப் பயனில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது மற்ற 68,500 பற்றி. எதற்கெல்லாம் அதை வாங்கினார்கள்? பிரேக்-அப் பில், அதாவது எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில், கையில் இருக்கிறதா? சேர்க்கும்போது எந்த அறை எடுத்தீர்கள், எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள்?

சாக்பீஸ்_திண்டுக்கல்

ஏ.சி. தனி அறை, ஐந்து நாள். மாமியார் கூட இருக்க வேண்டும் என்று நானாகத்தான் கேட்டேன். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது, படித்துப் பார்க்கவில்லை. பில் ஒரே ஒரு தாள். அதில் "ஆபரேஷன் மற்றும் இதர செலவுகள்" என்று ஒரே வரிதான். முன்பணத்துக்குத் தனியாக ஒரு துண்டு ரசீது கொடுத்தார்கள்.

தஞ்சை_ஓய்வூதியர்

தம்பி, உங்களுக்காவது 300. 2022 ஜூலையிலிருந்து எங்கள் ஓய்வூதியத்தில் மாதம் 497 பிடிக்கிறார்கள். அதற்கு நானும் என் மனைவியும் மட்டும்தான். வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். சம்பளச் சீட்டில் மருத்துவப் படி 300 ஒரு பக்கம் ஏறும், காப்பீட்டுக்கு 300 இன்னொரு பக்கம் இறங்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். தலைவலி மாத்திரை நம் காசில்தான்.

அப்பா அம்மா விஷயம்: கல்யாணம் ஆகாத ஊழியருக்குத்தான் பெற்றோர் குடும்பக் கணக்கில் வருவார்கள். தாலி கட்டிய அன்றோடு அது முடிந்தது. அதற்குப் பிறகு மனைவி, பிள்ளைகள் மட்டும். பிள்ளைகளும் வேலை, திருமணம், 25 வயது, இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

தோழர்_மதுரை

ஆசிரியர் தோழருக்கு. முதலில் மருத்துவமனைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள். போனில் பேசினால் "பார்க்கிறோம்" என்பார்கள், அவ்வளவுதான். வரிவாரியான பில், டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அனுமதிக் கடிதத்தின் நகல், கட்டிய பணத்துக்கு முறையான ரசீது, நான்கையும் கேளுங்கள். பட்டியல் மருத்துவமனைகள் பேக்கேஜ் கட்டணத்துக்கு, அதாவது ஒரு சிகிச்சைக்கு மொத்தமாக இவ்வளவு என்பதற்கு, ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர், மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். நீங்கள் விரும்பி எடுத்த அறையின் கூடுதல் வாடகையை விட்டுவிடுங்கள், அதில் சண்டை போட்டால் மற்றதும் பலவீனமாகிவிடும்.

கடிதத்தின் நகலைக் காப்பீட்டு நிறுவனத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கும் அனுப்புங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மருத்துவம், ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம், அதாவது ஜே.டி. ஆபீஸில், மனு கொடுங்கள். அது கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரத்துக்குச் சேர்த்தவர்களுக்கும் இதே ஜே.டி. ஆபீஸ்தான். என் தம்பியை மாரடைப்பு வந்தபோது பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த நேரத்தில் யார் பட்டியலைப் பார்ப்பார்கள்? பணம் வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது, அதுவும் கட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆனால் தீர்ப்பு இருப்பதால் பணம் தானாக வந்துவிடாது, நாம்தான் நடக்க வேண்டும்.

கணக்கு_டீச்சர்

சார், தனிப் பாலிசி எடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம். உங்களுக்கு முகவர்கள் உடனே "சூப்பர் டாப்-அப்" காட்டுவார்கள். 5 லட்சம் டிடக்டிபிள் (அதற்கு மேல் போகும் செலவுக்குத்தான் பணம் தருவார்கள்), பிரீமியம் மலிவு, அரசுக் காப்பீடு அந்த 5 லட்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். உங்கள் பில்லை அதில் போட்டுப் பாருங்கள்: 1,18,500க்கு அது ஒரு பைசா தராது. நமக்கு இடிப்பது 5 லட்சத்துக்கு மேலே அல்ல, 50,000க்கும் 5 லட்சத்துக்கும் நடுவில். டிடக்டிபிள் 1 லட்சம் என்று இருந்தாலும் உங்களுக்கு 18,500தான் கிடைத்திருக்கும். அதனால் மனைவி, பிள்ளைகளுக்கு 3 லட்சமோ 5 லட்சமோ சாதாரண பாலிசியே எடுங்கள்.

பெற்றோருக்குத் தனிப் பாலிசி. உங்களோடு ஒரே பாலிசியில் சேர்த்தால் மூத்தவரின் வயதுக்குத்தான் பிரீமியம் போடுவார்கள். என் அம்மாவுக்கு (64) 5 லட்சத்துக்கு வருடம் 31,000 கட்டுகிறேன். வலிக்கத்தான் செய்கிறது. அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நான்கு. கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், அறை வாடகைக்கு வரம்பு உண்டா, இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய வருமான வரி முறையில் இருந்தால் பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்தில் 50,000 வரை வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் கிடையாது. பெற்றோருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிப் பதியலாம். அதில் 5 லட்சம் என்பது ஒவ்வொரு வருடத்துக்கும்!

சாக்பீஸ்_திண்டுக்கல்
(ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. கடிதம் கொடுத்து ஒன்பதாம் நாள் வரிவாரி பில் வந்தது. அறை வாடகை 22,500. அது என் தலையில்தான், ஒப்புக்கொண்டேன். மீதி 46,000இல் மயக்க மருந்து டாக்டர் கட்டணம் இரண்டு இடத்தில் இருந்தது. காப்பீட்டு ஒருங்கிணைப்பாளரிடம் நகல் போன பிறகு மருத்துவமனையே கூப்பிட்டு 31,000 திருப்பித் தந்தது. ஏன் தருகிறோம் என்று மட்டும் எழுதித் தர மறுத்துவிட்டார்கள். இரண்டு வளையலில் ஒன்றை மீட்டாயிற்று.

மீதி 15,000க்கு ஜே.டி. ஆபீஸில் மனு கொடுக்கலாமா, விட்டுவிடலாமா? அப்பா அம்மாவுக்கு ரேஷன் கார்டு தனியாகத்தான் இருக்கிறது. வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

பில்_கிளார்க்

கொடுங்கள் சார். ஆனால் ஒரிஜினல்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முன்பணத் துண்டு ரசீதையும் சேர்த்து வையுங்கள், அதுதான் முக்கியம்.

அப்புறம் ஒரு கணக்கு. உங்கள் குடும்பத்துக்கு 4,50,000 இன்னும் பாக்கி, நான்கு ஆண்டு முடியும் 30.6.2025 வரை. மிச்சம் அடுத்த திட்டத்துக்குத் தொடராது.