நிக்கோடிமஸ் ஊர் தேய்ந்தது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் குடியேறி உருவாக்கிய நிக்கோடிமஸ் என்னும் வேளாண் சிற்றூர், விரைவில் தழைத்தும் ஏன் தேய்ந்தது?

மறுமொழி 1: இரயில் பாதைதான் முதற்காரணம். கென்டக்கியிலிருந்து வந்தவர்கள், மரம் அரிதான புல்வெளியில் குடைந்த குழிவீடுகளில் முதல் குளிர்காலத்தைக் கழித்து, ஏர் பூட்டக் கால்நடைகள் போதாத நிலையிலும் மண்வெட்டியால் நிலம் திருத்தி, பள்ளி, தேவாலயங்கள், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள் என ஊரை வளர்த்தார்கள்; எனக்கு மிகுந்த வியப்பைத் தருவது இந்த உழைப்பே. 1888இல் இரயில் பாதை ஊரைத் தொடாமல், அருகே ஓடும் ஆற்றின் தென்புறமாகச் சென்றுவிட, வணிகர்கள் அங்கே பெயர்ந்தார்கள்.

மறுமொழி 2: அதன் பின்னும் உழவர்கள் பலர் நிலத்தை விடவில்லை என்பதைச் சேர்க்க வேண்டும். 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் பொருளாதார மந்தமும் அவர்களையும் பெயர்த்தன. 1953இல் அஞ்சலகம் மூடப்பட்டது.

கேட்டவர்: நன்றி ஐயா. இன்று அங்கே எவரேனும் வாழ்கிறார்களா?

மறுமொழி 2: மிகச் சிலரே. ஆனால் 1996இல் தேசிய வரலாற்றுத் தலமான அவ்வூருக்கு, ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் வழித்தோன்றல்கள் திரும்பி வந்து விழா எடுக்கிறார்கள்.