வெயிலில் ஆள் சாய்ந்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கொத்தனார் மகன்:
காட்பாடி பக்கம் ஒரு சைட். காங்கிரீட் நாள். கலவை வந்துவிட்டால் நிறுத்த முடியாது, தெரியும்தானே. பாண்டு தூக்கிக்கொண்டிருந்த சித்தாள் அக்கா, “குளிருது தம்பி” என்றார். சித்திரை மதியத்தில் குளிரா? கையைத் தொட்டால் கொதிக்கிறது, பொட்டு வேர்வை இல்லை. ஊர் எது என்று கேட்டால் உளறுகிறார். தண்ணீர் பைப்பை அவர் மேலேயே பிடித்தோம். பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு அரைநாள் கூலிதான் கொடுத்தார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

பழைய பெரம்பூர்:
வெயில் என்ன புதுசா? 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அன்றைக்கும் இதே ஊரில்தான் இருந்தோம்.

வியாசர்பாடி:
பெரம்பூர் அண்ணா, இருந்தீர்கள், சரி. அன்றைக்கு எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள், முனையில் வேப்பமரம். இன்று ஒரு வீடு இருந்த இடத்தில் நான்கு குடும்பம், எல்லாம் தகரக் கூரை. எதிர் மாடி ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊதுகிறது. ராத்திரி ஆயா தரையில் தண்ணீர் ஊற்றி ஈரத்திலேயே படுப்பார்; சற்று நேரத்தில் அதுவும் காய்ந்துவிடும். உலகம் முழுக்க 13,000க்கும் மேற்பட்ட நகரங்களை ஆராய்ந்தார்கள். 1983க்கும் 2016க்கும் இடையில், நகரவாசிகள் கொடும் வெப்பத்தில் மாட்டுவது ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. சூடும் கூடியது, அந்தச் சூட்டில் மாட்டும் ஆட்களும் கூடினார்கள். வெறும் 45ஐ வைத்துப் பேசாதீர்கள்.

தோஹாவாசி:
இங்கே கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெளிவேலைக்குத் தடை. ஆனால் ஆகஸ்டில் புழுக்கம் ராத்திரியும் விடாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பனியனைக் கழற்றிப் பிழிந்தார். ஊற்றியது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு ஆறும்?

வேதாரண்யம் பெண்:
அம்மா உப்பளத்தில் வாருகிறார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார், ஒதுங்க மறைவிடம் இல்லை. சிறுநீர் எரிகிறது என்று போனோம். “ஏம்மா தண்ணி குடிக்கல?” என்று டாக்டர் கேட்டதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வார்? தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்ததில் 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததாம். கழிப்பறை கட்டினால் போதுமே என்று தோன்றுகிறது.

ஈரோடு தங்கை:
அண்ணன் லோடு ஏற்றும்போது விழுந்தார். உயிரோடு திரும்பி வரவில்லை. சான்றிதழில் ‘மாரடைப்பு’. வெயில் என்ற பேச்சே அதில் இல்லை.

ஓய்வு நர்ஸ்:
தங்கச்சி, மனசு கனக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனால் காரணம் பதிவில் இருக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: ஆள் வெயிலில் விழுந்தால், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி எழுத வையுங்கள். கொண்டுபோன உடனே உடம்புச் சூட்டை அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் 108. நிழல், துணியைத் தளர்த்து, உடம்பெல்லாம் தண்ணீர், விசிறு. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்குக் கேட்காது. அப்புறம் வேதாரண்யம் பெண்ணே, அம்மாவுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்தீர்களா?