அரசியலைப் பின்தொடர்ந்தால் தூக்கம் போகிறது, விலகினால் மனம் உறுத்துகிறது: என்ன செய்வது?

கேள்வி: திருப்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினொரு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவளாக, இருக்கிறேன். எனக்கு நேர்ந்ததை உள்ளபடி எழுதுகிறேன். இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. எங்கள் கம்பெனியில் பேக்கிங் முடிந்து அட்டைப் பெட்டிகளில் நின்ற சரக்கை அனுப்ப வேண்டாம் என்று வாங்குபவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அதைச் செக்கிங் பிரிவுப் பெண்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்தான். சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, கரூரில் ஓர் அரசியல் கட்சிக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். கரூர் என் அம்மா பிறந்த ஊர். அது நடந்த வேலுச்சாமிபுரம் வழியாகச் சிறு வயது முதல் எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருக்கிறேன். அன்றிரவு விடியும்வரை கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செருப்புகள் சிதறிக் கிடந்த அந்தச் சாலையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்று தொடங்கிய பழக்கம் நிற்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி விவாதம், அது முடிந்ததும் அதே விவாதத்தின் துண்டுக் காணொளிகள், பிறகு எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் சண்டை என்று இரண்டு மணிவரை விழித்திருந்தேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பாவிடம், யாரோ ஒரு தலைவரை முன்னிட்டு, சொல்லக் கூடாத சொல் ஒன்றைச் சொல்லிவிட்டேன். தை மாதம் உறவினர் வீட்டில் நடந்த ஒரு சீரில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையிலும் ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்து அளவைத் தவறாக அனுப்பி, மாதிரியை மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது.

இந்த நிலையில், கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோவைக்கு அழைத்துச் சென்றாள். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை என்னும் சிற்ப மண்டபத்தில், யானையை உரித்துப் போர்த்திய சிவனின் தூண் முன்னால் வெகுநேரம் நின்றோம். அந்த யானைத்தோலின் விளிம்பு கல்லில் விரிந்து மடியும் விதத்தைப் பார்த்தபோது, துணியோடு வாழ்கிறவள் என்பதாலோ என்னவோ, என் விரல்கள் தாமாகவே அந்த மடிப்பைத் தடவப் போயின. மாலையில் காஸ் வன அருங்காட்சியகம் சென்றோம். 1902-இல் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே மரங்களின் குறுக்குவெட்டில் ஆண்டு வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அன்றிரவு ஆறு மணி நேரம் தூங்கினேன். அதன் பிறகு மாதம் இரு ஞாயிறுகள் இப்படிச் செல்கிறேன்.

ஆனால் மனம் உறுத்துகிறது. கட்சியில் இருக்கும் என் கொழுந்தனார், "தேர்தல் ஆண்டில் ஊரே கொதிக்கிறது, அண்ணி சிலை பார்க்கப் போகிறார்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். வேலையிழந்த டெய்லர்களை நினைத்தால் அவர் சொல்வது சரியென்றே தோன்றுகிறது. நான் தேறி வருகிறேனா அல்லது கண்ணை மூடிக்கொள்கிறேனா?

மறுமொழி 1: மனநலச் செவிலியர், ஈரோடு

சகோதரிக்கு வணக்கம். மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் எழுதுகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் இது இன்ன நோய் என்று பெயர் வைக்க மாட்டேன், பிறர் வைத்தாலும் நீங்கள் ஏற்க வேண்டாம்.

முதலில் அந்த இரவைப் பற்றி. 2013-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அதன் பிறகு நடந்த ஆய்வொன்று மறு ஆண்டு வெளியானது. நிகழ்வுக்கு அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளைப் பார்த்தவர்களிடம், நேரில் அங்கே இருந்தவர்களைவிடவும் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் காணப்பட்டதாக அது சொல்கிறது. உங்களுக்கோ அது அம்மாவின் ஊர், தெரிந்த சாலை. நீங்கள் பலவீனமானவர் என்பதால் இது நேரவில்லை. தப்பியோடவோ யாரையாவது தூக்கிவிடவோ வழியில்லாத இடத்தில் படுத்துக்கொண்டு, உடல் அந்த ஆபத்தை நூறு முறை பார்த்திருக்கிறது.

செய்தியை அடியோடு விட வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரம் நாளிதழாகப் படியுங்கள். அசையும் படமும் உரத்த குரலும் எழுத்தைவிட அதிகமாக உடலை உலுக்குகின்றன என்பதை எங்கள் பிரிவுக்கு வருபவர்களிடம் தொடர்ந்து கண்டிருக்கிறேன். குடும்பக் குழுவைவிட்டு வெளியேறினால் அது இன்னொரு சண்டைக்கு வித்தாகும். ஓசையை மட்டும் நிறுத்தி வையுங்கள். கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள்.

கலையைப் பற்றிக் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நோய்த் தடுப்பிலும் சிகிச்சையிலும் கலைகளுக்குப் பங்கிருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. ஆகவே அந்தத் தூண் முன்னால் நீங்கள் நின்றது வீண்பொழுது அன்று. ஆனாலும் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: தூக்கக் குறைவும் படபடப்பும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் பாதித்திருக்கின்றன என்றால், கோயிலும் அருங்காட்சியகமும் மருத்துவருக்கு ஈடாக மாட்டா. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எழுந்தாலும் அன்றே அழையுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். நெஞ்சுப் படபடப்புக்கு ரத்தசோகையும் தைராய்டும்கூடக் காரணமாகலாம் என்பதால் அந்தச் சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 2: பெயர்ப்பலகை ஓவியர், கோட்டைமேடு, கோவை

அம்மா, நீங்கள் எழுதியதை என் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

நான் முப்பது ஆண்டுகள் சுவர் எழுதியவன். தேர்தல் வந்தால் இரவு பகல் பாராமல் வேலை இருக்கும். சுண்ணாம்பு அடித்துக் காயவைத்து, நூல் பிடித்துக் கோடு தட்டி, உதயசூரியனும் எழுதியிருக்கிறேன், இரட்டை இலையும் எழுதியிருக்கிறேன், கையும் தாமரையும் அரிவாள் சுத்தியலும் எழுதியிருக்கிறேன். எந்தக் கட்சிக்காரரும் என் மதத்தைக் கேட்டதில்லை, எழுத்து நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் இந்த ஊரை இரண்டாகக் கிழித்தன. குண்டுவெடிப்புகளில் இறந்தவர்கள் 58 பேர். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கள் பகுதியைச் சுற்றிச் சோதனைச்சாவடிகள் இருந்தன. தூரிகைப் பையோடு வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அப்போது கைப்பேசி இல்லை, ஆனால் வானொலிப் பெட்டி இருந்தது. நீங்கள் இரவெல்லாம் திரையைப் பார்த்ததுபோல் நான் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டே கிடந்தேன். ஒவ்வொரு செய்தி அறிக்கையிலும் எங்கள் தெருப் பெயர் வந்துவிடுமோ என்ற பயம். கை நடுங்கத் தொடங்கிற்று. நேர்கோடு வரவில்லை. ஓவியனுக்குக் கை நடுங்கினால் அது எப்படிப்பட்ட நிலை என்பதை நீங்கள் உணர்வீர்கள். மனத்துக்கு வைத்தியம் பார்க்கலாம் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான்கு ஆண்டுகள் வீணாகியிருக்காது. ஆகையால் அந்தச் செவிலியர் அம்மா சொன்னதைத் தள்ளாதீர்கள்.

என்னை மீட்டது ஒரு பழைய வாடிக்கையாளர். அவர் ஒரு பலகாரக் கடைக்காரர், என் சமயத்தவர் அல்லர். ஒரு நாள் வீடு தேடி வந்து, கடைப்பலகை வெளுத்துவிட்டது, நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். கை நடுங்குகிறது என்றேன். நடுங்கினால் நடுங்கட்டும், மெதுவாக எழுதுங்கள் என்றார். இரண்டு நாளில் முடிக்கும் பலகையைப் பதினேழு நாள் எழுதினேன். அவர் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை.

பிளெக்ஸ் வந்தபின் என் தொழில் போய்விட்டது. இன்று உக்கடத்தில் குடியிருப்புக் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். மாலை நேரங்களில் பேத்தியோடு அங்கே போய் நிற்பேன். அத்தனை உயரத்தில் வண்ணம் வழியாமல் எப்படிப் பிடித்தார்கள் என்று அவளுக்கு விளக்குவேன். 1998-இல் வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லவே அஞ்சிய பகுதிக்கு, இன்று படம் பார்ப்பதற்காக வருகிறார்கள். உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள், அதுவும் இந்த ஊர் அரசியலில் நடந்த ஒரு மாற்றம்தான். அடுத்த ஞாயிறு உக்கடத்துக்கும் வாருங்கள்.

மறுமொழி 3: பவர்டேபிள் டெய்லர், திருப்பூர்

அக்கா, நீங்கள் நினைத்து உறுத்தலடையும் டெய்லர்களில் நானும் ஒருவன். ஆகவே கொஞ்சம் மாறுபட்டுச் சொல்ல விரும்புகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்காக நீங்கள் தூக்கம் கெட்டதால் எங்களுக்கு ஒரு பீஸ்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. 2025 தீபாவளிக்கு முன் வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோதான் எனக்கு வேலை இருந்தது. அந்த நாள்களில் நானும் கைப்பேசியிலேதான் மூழ்கியிருந்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது என் அப்பா இதேபோல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து பயந்தேன். சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதற்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியாததும் உண்மை.

2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. எங்கள் காம்பவுண்டில் பதினான்கு லைன் வீடுகள். பாதிப்பேர் தேனி, மதுரைப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்பது பலருக்கும் புரியவில்லை. பழைய பட்டியலில் பெற்றோர் பெயரைத் தேடி எடுத்து, படிவத்தை நிரப்பி, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வேலையில்லாத மூன்று நாள்களும் அதிலேயே கழிந்தன. அந்த வாரங்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஆகவே சிலை பார்க்கப் போவதா அரசியல் பேசுவதா என்ற உங்கள் கேள்வியில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இரவு இரண்டு மணிவரை பார்த்ததும் சண்டையிட்டதும் அரசியலே இல்லை, அக்கா. அதனால் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. அதை விட்டதற்காக வருந்த வேண்டாம்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும், கணக்கு தெரியும். எங்களில் பலருக்கு வருங்கால வைப்பு நிதியைத் திரும்பப் பெறும் விண்ணப்பம் ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருப்பதால் நிராகரிக்கப்பட்டு நிற்கிறது. சிலை பார்க்கப் போகாத ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

இன்னொன்று. என் மனைவி காங்கேயம் பக்கம் அவள் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வள்ளிக் கும்மிப் பயிற்சிக்குச் செல்கிறாள். அறுபது எழுபது பெண்கள் வட்டமாக நின்று ஒரே அடியில் கால்மாற்றும்போது, ஒருத்தி தவறினால் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறாள். அந்த மேடைகளில் சாதிப் பெருமையும் கட்சித் துண்டுகளும் நுழைவது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது, அது தனியே பேச வேண்டிய விஷயம். ஆனால் வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்பும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். பார்ப்பதோடு நிற்காமல் ஆடவும் செய்யுங்கள்.

கேட்டவர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு முறை வாசித்தேன், ஐயா பதினேழு நாள் எழுதிய பலகையைப் பற்றிய பகுதியில் அழுதுவிட்டேன். நேற்று 14416-க்குப் பேசினேன். அவர்கள் சொன்னபடி வரும் வியாழக்கிழமை விடுப்பு எடுத்து மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தரும்படி கேட்பேன். தம்பி, இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் காலை பத்து மணிக்கு வருகிறேன். வைப்பு நிதிக் கணக்கு எண்ணையும் ஆதார் நகலையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் இன்னும் பேசவில்லை. பேரூர் என்றால் அவருக்கு உயிர், அதனால் அடுத்த முறை அவரையும் அழைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி: பெயர்ப்பலகை ஓவியர், கோட்டைமேடு, கோவை

அழையுங்கள் அம்மா. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். வயதானவர் நெடுநேரம் நிற்க முடியாது, வெறுங்காலுக்குக் கல்லும் சுடும். பேரூரை முடித்துக்கொண்டு வெயில் தாழ்ந்தபின் உக்கடம் வந்தால் சுவர்களின் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். நானும் பேத்தியும் அங்கே இருப்போம்.