"சிருஷ்டிக்கப்பட்ட வரலாறு": அந்த ஆறு நாளும் 24 மணி நேரம்தானா?

பழையபாதை:
தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார் என்று சொல்லுவது, வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி, "அந்த அதிகாரம் கவிதைதானே?" என்றான். வேதத்தையே திறந்து காட்டினேன். ஆதியாகமம் 2:4: "வானமும் பூமியும் சிருஷ்டிக்கப்பட்ட வரலாறு இவைகளே." வேதமே வரலாறு என்கிறபோது கவிதை எங்கிருந்து வந்தது?

ஒலிவமரம்:
பிரதர், எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது 'தோலெதோத்'. பெற்றெடுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல், வம்சவழி என்று பொருள். 5:1-ல் அதையே "ஆதாமின் வம்சவரலாறு" என்று போட்டிருக்கிறார்கள். சரித்திரப் பாடப்புத்தகம் என்ற அர்த்தம் நம் தலையில்தான் இருக்கிறது. அப்புறம், நீங்கள் காட்டிய அதே வசனம் "உண்டாக்கின நாளில்" என்கிறது. ஆறு நாள் வேலையும் அங்கே ஒரே நாள்! சூரியன் வருவதோ நாலாம் நாள். முதல் மூன்று நாளுக்கும் சாயங்காலம் என்று சொல்லியிருக்கிறதே, அது எதை வைத்து?

பழையபாதை:
வெளிச்சம் முதல் நாளே வந்துவிட்டதே. "தாத்தா நாளில்" என்றால் காலம், "மூன்றாம் நாள்" என்றால் நாள்தான். நம் தமிழிலேயே அப்படித்தானே சிஸ்டர்? யாத்திராகமம் 20:11 பாருங்கள். கர்த்தர் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால்தான் நமக்கு ஓய்வுநாள். ஆறு யுகம் உழைத்து ஏழாம் யுகம் ஓய்வெடு என்றா கட்டளை?

ஒலிவமரம்:
தாத்தா உதாரணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். நாள் என்றால் யுகம் என்று நான் சொல்லவில்லை. முதல் மூன்று நாளில் இடங்கள், அடுத்த மூன்று நாளில் அவற்றை நிரப்புகிறவை. வெளிச்சத்துக்குச் சுடர்கள், வானத்துக்கும் தண்ணீருக்கும் பறவையும் மீனும், நிலத்துக்கு மிருகமும் மனுஷனும். இது நாட்குறிப்பு மாதிரியா இருக்கிறது? டார்வினுக்குப் பயந்து வந்த விளக்கம் என்றும் சொல்லாதீர்கள். எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டது என்று திருச்சபையின் பழைய வேத அறிஞர் அகஸ்டீன் 5-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார்.

பழையபாதை:
அதே அகஸ்டீன், உலகத்துக்கு 6000 வருஷம்கூட ஆகவில்லை என்றும் எழுதினார். பாதி அகஸ்டீனை மட்டும் கூட்டி வந்தால் எப்படி?

கரிசல்மண்:
:) நல்ல அடி. ஆனால் வேதத்திலுள்ள வம்சவரலாறுகளின் வருஷங்களைக் கூட்டி, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்று பேராயர் அஷர் 1650-ல் சொன்னது எனக்கு இடிக்கிறது. அந்தப் பட்டியல்களில் பெயர்கள் விடுபட்டிருக்கின்றன. லூக்கா 3:36-ல் காயினான் இருக்கிறான், ஆதியாகமம் 11:12-ல் இல்லை. மத்தேயு 1:8-ல் யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று ராஜாக்களைக் காணோம்.

பழையபாதை:
விடுபட்ட பெயர்களை நிரப்பினாலும் கோடி வருஷம் வராது அண்ணா. என் கவலை ரோமர் 5:12. ஒரே மனுஷனாலே பாவம், பாவத்தினாலே மரணம். ஆதாமுக்கு முன்பே மிருகங்கள் செத்துக்கொண்டிருந்தால் அந்த மரணம் யாரால் வந்தது?

ஒலிவமரம்:
அந்த வசனத்தை முடிவுவரை வாசியுங்கள், "எல்லா மனுஷருக்கும்" வந்த மரணம் என்கிறது. டைனோசரைப் பற்றி ரோமரை எழுதிய பவுல் பேசவில்லை. ஆதாம் இருந்தான் என்றே நானும் நம்புகிறேன். கவிதை என்று அந்தத் தம்பி சொன்னதும் தவறுதான், ஆதியாகமம் 1:27 மாதிரி ஓரிரு வரிகளைத் தவிர அது உரைநடை.

பழையபாதை:
அதுவரை சரி. ஆனால் ஆதியாகமம் 1:30-ல் மிருகங்களுக்குப் பூண்டுதான், அதாவது செடிகொடிதான் ஆகாரம். சிங்கம் என்ன தின்றது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.