லாஸ்ட்பாஸிலிருந்து பிட்வார்டனுக்கு: சிஎஸ்வி ஃபைலில் எதெல்லாம் வராது?

நெய்தல்:
பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் லாஸ்ட்பாஸை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் இலவச பிட்வார்டனுக்கு மாறணும். 400 பாஸ்வேர்டு, கொஞ்சம் நோட்ஸ், அவற்றோடு இணைத்த பாஸ்போர்ட், பான் கார்டு ஸ்கேன்கள் இருக்கு. 2016-ல் திறந்த கணக்கு. எல்லாவற்றையும் சிஎஸ்வியாக (வெறும் எழுத்தாலான பட்டியல் ஃபைல்) எடுத்து ஏற்றினால் போதுமா?

செம்மண்:
போதாது. ஸ்கேன்கள் சிஎஸ்வியில் ஏறாது. ஒவ்வொரு நோட்டாகத் திறந்து இறக்கிக்கணும். இலவச பிட்வார்டனில் ஃபைல் இணைக்கும் வசதி இல்லை, அதனால் அவற்றுக்கு வேறு இடம் பாருங்க. பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே நுழையப் பயன்படும் டிஜிட்டல் சாவி) வராது, அந்தந்தத் தளத்தில் புதிதாகப் பதியணும். ஓடிபி எண்களை உருவாக்கும் ரகசியக் குறியீடு லாஸ்ட்பாஸ் பதிவிலேயே இருந்தால் வரும், ஆனால் பிட்வார்டன் பெட்டகம் (பாஸ்வேர்டுகள் இருக்கும் இடம்) அதிலிருந்து ஆறு இலக்க எண்ணைக் காட்டக் காசு கட்டணும்.

எடுத்த ஃபைலை எக்ஸலில் திறந்து சேமிச்சிடாதீங்க. 0045 என்ற பின் நம்பர் 45 ஆகிடும். 15 இலக்கத்துக்கு மேல் போகும் கார்டு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிடும். சமக்குறியில் தொடங்கும் பாஸ்வேர்டை ஃபார்முலான்னு எடுத்துக்கும். நோட்பேட் போதும். அதில் & குறியைத் தேடுங்க. சில எக்ஸ்போர்ட்களில் & என்பது &ஏஎம்பி; என்றும் < என்பது &எல்டி; என்றும் (ஆங்கில எழுத்தில்) மாறியிருக்கும். திருத்தும்போது &ஏஎம்பி;-ஐக் கடைசியில்தான் மாற்றணும். முதலில் மாற்றினால், பாஸ்வேர்டிலேயே அப்படி ஒரு தொடர் இருந்தால் அது இரண்டு தடவை மாறிக் கெட்டுப்போகும்.

பிறகு பிட்வார்டன் இணையதளத்தில் டூல்ஸ், இம்போர்ட் டேட்டா. ஃபார்மேட் லாஸ்ட்பாஸ் சிஎஸ்வி.

கல்லணை:
2016 கணக்கு என்பதால் இன்னொன்று. 2022 ஊடுருவலில் லாஸ்ட்பாஸ் பெட்டகங்களின் காப்புப் பிரதிகள் திருடப்பட்டன. தள முகவரிகள் அதில் குறியாக்கம் இல்லாமலே இருந்தன. பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை இப்போது மாற்றினாலும் திருடுபோன பிரதி பழைய பாஸ்வேர்டிலேயே திறக்கும். அப்போதைய பழைய கணக்குகள் சிலவற்றில் பிபிகேடிஎஃப்2 (மாஸ்டர் பாஸ்வேர்டை ஊகித்துத் திறப்பதை மெதுவாக்கும் கணக்கீடு) சுற்றுகள் 5,000 தான். 2018-ல் லாஸ்ட்பாஸின் இயல்பு 1,00,100 ஆனது. பிட்வார்டனில் இப்போது 6,00,000. ஆகவே 2022-க்கு முந்தைய பாஸ்வேர்டுகளை அந்தந்தத் தளத்தின் உள்ளே போய் மாற்றியே ஆகணும்: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. கிரிப்டோ வாலட்டை மீட்கும் சீட் சொற்களை நோட்ஸில் வைத்திருந்தால் அதற்கும் முன்னால் புது வாலட்.

செம்மண்:
சரிதான். விட்டுப்போன ஒன்று: இம்போர்ட்டை இரண்டு முறை ஓட்டினால் எல்லாம் இரட்டையாகும், அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது. தப்பானால் பெட்டகத்தை முழுக்கக் காலி செய்து மறுபடி ஏற்றுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவோடு ஒத்திசைந்தால் முதலில் அதை நிறுத்துங்க. இல்லாவிட்டால் சிஎஸ்வியை இங்கே அழித்தாலும் அங்கே குப்பைத்தொட்டியில் கிடக்கும். பிரவுசரில் உள்ள லாஸ்ட்பாஸ் எக்ஸ்டென்ஷனையும் நீக்கிடுங்க, இல்லாவிட்டால் அதுவும் பிட்வார்டனுமாக இரண்டும் ஒரே கட்டத்தை நிரப்பப் போட்டி போடும். பழைய கணக்கை மட்டும் ஒரு மாசம் விட்டுவைங்க.