அட்வேருக்குத் தமிழ்: ‘விளம்பரப்பொருள்’ ஒத்துவரவில்லை, ‘திணிநிரல்’ சரிப்படுமா?

மென்பொருள் தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம். விளம்பரம் காட்டும் மென்பொருளான அட்வேருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் ஒருவர் கேட்டது:

> தீம்பொருள் (மால்வேர்) இருக்கிறது, பகிர்பொருள் (ஷேர்வேர்) இருக்கிறது. அதே அச்சில் ‘விளம்பரப்பொருள்’ என்று வார்த்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. போன மாதம்வரை நானும் உங்கள் கட்சிதான். பாதுகாப்புக் கருவியின் இடைமுகக் கோப்பில் அட்வேர் வந்த இடமெல்லாம் ‘விளம்பரப்பொருள்’ என்று போட்டுக்கொண்டே வந்தேன், என் சித்தப்பாவின் கணினியில் அந்தச் சங்கதி ஏறும்வரை.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்காரர். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு மாற்றி தேடியிருக்கிறார். எந்தத் தளம் என்று சொல்லவில்லை, சொல்லியும் பயனில்லை. அந்தப் பக்கத்தில் பச்சை நிறத்தில் நான்கு ‘பதிவிறக்கு’ பொத்தான்கள். அசல் பொத்தான் கீழே எங்கோ சின்னதாகச் சாம்பல் நிறத்தில் இருந்திருக்கிறது. மனிதர் இருப்பதிலேயே பெரியதை அழுத்தி, ‘அடுத்து, அடுத்து, சரி’ என்று போய்விட்டார். மாற்றி வேலை செய்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் உலாவியின் முகப்புப் பக்கம் மாறிப்போனது, தேடல் எங்கோ சுற்றிக்கொண்டு போனது, நாளிதழ் படித்தால் செய்திக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் மிதந்தது. நான் போனில் “சித்தப்பா, உங்க கம்ப்யூட்டர்ல விளம்பரப்பொருள் ஏறியிருக்கு” என்றேன். அவர் சொன்னது: “விளம்பரத்துல வந்த பொருள் எதையும் நான் வாங்கலையேப்பா!”

அத்தோடு அந்தச் சொல் எனக்குச் செத்தது. விளம்பரப்பொருள் என்றால் தமிழ் காதில் விழுவது விளம்பரம் செய்யப்படும் பொருள்தான், சோப்பு, டூத்பேஸ்ட் வகையறா. சரி, ‘விளம்பர மென்பொருள்’ என்று விரித்தால்? விளம்பரம் வடிவமைக்கும் மென்பொருள் என்று அச்சகக்காரர் எடுத்துக்கொள்வார், அதுவும் நியாயம்தான்.

இன்னொரு சிக்கல் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு சொல் இரண்டு வேறு பிராணிகளைக் கட்டி மேய்க்கிறது. ஓபரா உலாவியின் இலவசப் பதிப்பு 2005 வரை மேலே ஒரு விளம்பரப் பட்டையோடுதான் வந்தது, காசு கட்டினால் பட்டை போய்விடும். யூடோரா என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கும் அப்படி ஒரு விளம்பர வகை இருந்தது. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. விளம்பரம் அந்த மென்பொருளின் சன்னலுக்குள்ளேயே இருந்தது, மென்பொருளை நீக்கினால் அதுவும் கூடவே போனது. அப்புறம் வந்தது கேட்டர் என்ற நிரலின் வகை. கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்கிறேன், படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்று உள்ளே வந்து, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்த்து, அந்தத் தளத்தின் மேலேயே தன் விளம்பரத்தை எழுப்பியது. முதல் வகை வாடகை கொடுத்துத் திண்ணையில் கடை போட்டவர், இரண்டாம் வகை கொல்லைப்புறமாக வந்து கூடத்தில் கடை விரித்தவர். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் திண்ணைக்காரருக்கு அநியாயம்.

பெயர் வைப்பதில் சண்டை போடுவது நாம் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். தன்னை உளவுமென்பொருள் என்று எழுதியதற்காக 2003-இல் கேட்டர் நிறுவனம் பிசி பிட்ஸ்டாப் என்ற கணினிச் சோதனைத் தளத்தின் மேல் வழக்குப் போட்டது, சமரசத்தில் அந்தப் பக்கங்களிலிருந்து சொல் நீங்கியது. அதே ஆண்டு கேட்டர் தன் பெயரையே கிளாரியா என்று மாற்றிக்கொண்டது. இதே மாதிரி விளம்பர நிரல் செய்த ஜாங்கோ நிறுவனம் 2006-இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 30 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, ஆனாலும் தன் நிரலைத் தடுத்ததற்காக வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி மேல் வழக்குத் தொடுத்து 2009-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இந்த மாதிரி வழக்குகளுக்கு நடுவே புழங்கும் வழவழா பெயர்தான் பியூபி, ‘பொட்டன்ஷியலி அன்வான்டட் புரோகிராம்’ என்பதன் சுருக்கம். அதை அப்படியே தமிழில் போட்டால் ‘ஒருவேளை வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்’ என்று வரும். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்தியும் நோகாமல் பேசும் பெரியவர் மாதிரி இருக்கிறது. நம் மேல் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, கொஞ்சம் நேராகவே பெயர் வைக்கலாம்.

இதுவரை குழுவில் வந்தவற்றைப் பார்க்கிறேன்.

‘தண்டோரா நிரல்’. கேட்கச் சுவைதான். ஆனால் தண்டோரா போடுகிறவர் ஊர்ச் சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், உங்கள் வீட்டுப் பூட்டை மாற்றமாட்டார். தவிர, அந்த வேலையில் யாரை நிறுத்தினார்கள் என்ற கதையும் அந்தச் சொல்லோடு வருகிறது. தமிழ்நாடு அரசே 2022-இல் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. எனக்கு வேண்டாம்.

‘புல்லுருவி நிரல்’. இதில் மனம் கொஞ்சம் தடுமாறினேன், உவமை அவ்வளவு பொருத்தம். பறவை எச்சத்தோடு மாமரக் கிளையில் விழுந்து, கிளைக்குள் வேரை இறக்கி, மரத்தின் தண்ணீரையே குடித்து வளரும். மேலே தெரியும் இலையை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும், வேர் இறங்கிய கிளையோடு வெட்ட வேண்டும். சித்தப்பா கணினியிலும் அதுதான் நடந்தது. கன்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதிவாரியாக அடுக்கி, அன்றைய தேதியில் அவருக்கே தெரியாமல் ஏறியிருந்த மூன்றை நீக்கினேன். மறுநாள் காலை முகப்புப் பக்கம் பழையபடி மாறிக்கிடந்தது. குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை உட்கார்ந்துகொண்டு, கணினி தொடங்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் திரும்ப இழுத்துவந்திருக்கிறது. முகப்புத்திரையில் இருந்த குரோம் குறுக்குவழியின் பண்புகளைத் திறந்தால், நிரலின் முகவரிக்கு வாலாக ஒரு தள முகவரி ஒட்டியிருக்கிறது. குரோமிலோ ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி. ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஏது நிறுவனம்? உலாவியில் ஏறிய நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நீக்க முடியாதபடி, விண்டோசின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு கொள்கையை எழுதிவைத்த வேலை அது. கடைசியில் அட்வேர் நீக்கும் கருவியான அட்வ்கிளீனரை ஓட்டி, இணைப்பை வேறு வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி அமைப்பையும் பார்த்து, உலாவியை மீளமைத்த பிறகுதான் அடங்கியது.

ஆனாலும் புல்லுருவி வேண்டாம் என்கிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது வசவாக மட்டுமே தெரியும், செடியாகத் தெரியாது.

‘ஒட்டுநிரல்’, அதாவது வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு வருவது. நல்ல சொல், ஆனால் எல்லா வழியையும் மூடவில்லை. சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலின் கதையைப் பாருங்கள். 2014 செப்டம்பர் தொடங்கி சில மாதங்கள், லெனோவோ தன் மடிக்கணினிகள் சிலவற்றில் ஆலையிலேயே அதைப் போட்டு அனுப்பியது. வாங்கினவர் எதையும் பதிவிறக்கவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்தது. தேடல் பக்கத்தில் விளம்பரம் சொருகுவதற்காக விண்டோசில் தன் சொந்த வேர்ச் சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்வது) நிறுவி, வங்கித் தளம் உட்படப் பூட்டுப்போட்ட இணைப்புகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. அதைவிடக் கொடுமை, எல்லா மடிக்கணினியிலும் ஒரே சாவி. அந்தச் சாவியின் கடவுச்சொல்லை 2015 பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் உடைத்துப் பார்த்தால், உள்ளே இருந்த எந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரான ‘கொமோடியா’வேதான் கடவுச்சொல்! நிரலை நீக்கினாலும் சான்றிதழ் தங்கிவிடும், அதைத் தனியாகத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. இது எதோடு ஒட்டி வந்தது? கணினியோடுதான்.

ஆக, எப்படி உள்ளே வந்தது என்பதை வைத்துப் பெயர் வைத்தால் ஒரு வழி விட்டுப்போகிறது. எல்லாவற்றுக்கும் பொது ஒன்றுதான். நாம் கேட்கவில்லை, அவர்கள் வைத்துவிட்டார்கள். அதற்குத் தமிழில் சுருக்கமாக, கோபத்தோடு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு வினை உண்டு: திணி.

என் பரிந்துரை: திணிநிரல். வினைத்தொகை, ஏற்கனவே புழங்கும் ‘செருகுநிரல்’ (பிளகின்) போலவே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செருகுநிரல் நாம் செருகுவது, திணிநிரல் அவர்கள் திணிப்பது. விளம்பரம் காட்டும் வகையைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் ‘விளம்பரத் திணிநிரல்’. ஓபராவின் பழைய பட்டை மாதிரி நேர்மையானவற்றுக்கு ‘விளம்பரம் தாங்கும் மென்பொருள்’ என்று நீட்டியே சொல்லலாம், அடிக்கடி தேவைப்படாது.

(எங்கள் பக்கம் ‘விளம்புவது’ என்றால் பந்தியில் பரிமாறுவது. இலையை மூடி எழுந்த பிறகும் கரண்டியோடு ஓடிவந்து விளம்புகிற ஆள் ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார். விளம்பரம் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார், வேறொன்றுமில்லை.)

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

*

அண்ணா, வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

ஒன்று, ‘திணி’க்கு அரசியல் வாசம் கூட. தமிழ்நாட்டில் திணிப்பு என்றவுடன் மொழித் திணிப்புத்தான் மனதில் வரும். கருவி இடைமுகத்தில் இவ்வளவு கோபம் தேவைதானா?

இரண்டாவது பெரிய பிரச்சினை. நான் இங்கே பிள்ளைகளின் கணினிகளைத் திருத்திக் கொடுக்கிறேன். அண்மைக்காலமாக வருகிற முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றில் நிரலே இல்லை! வலது மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று பட்டை வருகிறது. துப்புரவுக் கருவியை ஓட்டினால் ஒன்றுமே அகப்படாது. ஏனென்றால் படம் பார்க்கப் போன ஏதோவொரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதியை அழுத்துங்கள்’ என்று சொல்லியிருக்கும், பிள்ளையும் அழுத்தியிருக்கும். அது உலாவி அறிவிக்கைக்குக் கொடுத்த அனுமதி. நிரல் நிறுவப்படவில்லை, அனுமதியும் பிள்ளை கொடுத்ததுதான். இதைத் திணிநிரல் என்று எப்படிச் சொல்வது?

*

> இதைத் திணிநிரல் என்று எப்படிச் சொல்வது?

சொல்லக் கூடாது தம்பி. நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அதற்குத் தனிப் பெயர் வேண்டும், ‘அறிவிக்கைத் தொல்லை’ என்று போடுகிறேன். பெயரைப் பிரித்தால் மருந்தும் தானாகப் பிரியும். அறிவிக்கைத் தொல்லைக்கு எதையும் பதிவிறக்கத் தேவையில்லை, உலாவி அமைப்பில் தள அனுமதிகளுக்குப் போய் அறிவிக்கைப் பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் போதும். இது தெரியாமல் ‘அட்வேர் நீக்கி இலவசம்’ என்று தேடுகிறவர்தான், நீக்கி என்ற பெயரில் வரும் நிஜத் திணிநிரலில் போய் விழுகிறார். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் நாமே அவரை அங்கே அனுப்பிவைத்த மாதிரி.

கோபம் பற்றி: கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2013-இல் கிம்ப் படச்செயலிக்காரர்கள் தங்கள் விண்டோஸ் பதிப்பை சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு போனது, அங்கே இருந்த போலிப் பதிவிறக்கப் பொத்தான்களும் கூடவே எதையாவது ஏற்றிவிடும் நிறுவியும் பொறுக்காமல்தான். கட்டற்ற மென்பொருளுக்குத் தாய்வீடு மாதிரி இருந்த இடத்துக்கே அந்தக் கதி. ஆரக்கிளின் ஜாவா நிறுவிகூடப் பல ஆண்டுகள் ஆஸ்க் என்ற உலாவிக் கருவிப்பட்டைக்கு முன்கூட்டியே ‘சரி’ குறி போட்டு வைத்திருந்தது. அந்தக் குறியை எடுக்க மறந்தால் சம்மதம் என்று அர்த்தமாம். இதைத் திணிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

உதவிப் பகுதிக்கு ஒரு வரைவு எழுதியிருக்கிறேன், சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்:

“திணிநிரல் பெரும்பாலும் வேறொரு மென்பொருளின் நிறுவிக்குள் வரும். செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். நிறுவும்போது ‘விரைவு’ என்பதை விட்டு ‘தனிப்பயன்’ என்பதைத் தேர்ந்து, முன்கூட்டியே போட்டிருக்கும் குறிகளை எடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில் திணிநிரல் தடுப்பு இருக்கிறது, அது இயங்குகிறதா என்று பாருங்கள். திணிநிரல் ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் நீட்சிகளையும் அண்மையில் நிறுவியவற்றையும் பாருங்கள். நீக்கியது திரும்பி வந்தால் திட்டமிட்ட பணிகளையும் குறுக்குவழிகளையும் பாருங்கள்.”

நேற்று சித்தப்பாவிடம் போனில் இந்தச் சொல்லை மட்டும் விளக்கமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். “திணிநிரலா? யாரு திணிச்சா?” என்று கேட்டார். போன தடவை வந்த ‘நான் வாங்கலையேப்பா’வோடு ஒப்பிட்டால் இது போதும் எனக்கு.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு கோப்பை ஏற்றுகிறேன். ‘தனிப்பயன்’ என்பதற்கும் நல்ல சொல் தேவைப்படுகிறது, ஆனால் அதைத் தயவுசெய்து வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.