எக்கோ போட்டா தாளத்தை விட்டு நழுவுது, டெம்போ சிங்க் ஆன்லதான் இருக்கு, எங்க தப்பு?

ஒலிப்பித்தன்

வணக்கம் மக்களே. டிஜே செட்டுக்காக ரெண்டு மாசமா தனி எஃபெக்ட் யூனிட் ஒண்ணு வச்சு பழகிட்டு இருக்கேன், மிக்ஸரோட சென்ட் ரிட்டர்ன்ல (பாட்டோட ஒரு பங்கை யூனிட்டுக்கு அனுப்பி திருப்பி வாங்குற வழி) மாட்டிருக்கேன். பாட்டை முடிக்கிறப்ப கடைசி வார்த்தையில எக்கோவைத் தூக்கி, ஃபேடரை இறக்கி, அந்த வால் ஓடிட்டு இருக்கும்போதே அடுத்த பாட்டை உள்ள விடறது எனக்கு ரொம்ப புடிக்கும், அதுக்காகவே வாங்குனதுன்னு சொல்லலாம். ஆனா ஒரு நாள் அழகா உக்காருது, இன்னொரு நாள் நாலாவது அஞ்சாவது எக்கோ வர்றதுக்குள்ள தனியா எங்கயோ போயிடுது. ஆட்டோ பிபிஎம்லதான் வச்சிருக்கேன், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை பீட்ன்னு யூனிட்டே பாட்டைக் கேட்டு கண்டுபிடிக்கும். 120ல ஓடுற பாட்டுக்கு ஸ்கிரீன்ல 119, 120, 121ன்னு குதிச்சுகிட்டே இருக்கு, ஒரு தடவை 80ன்னு காட்டுச்சு.

அப்புறம் சத்தத்தை வெட்டி வெட்டி விடற ட்ரான்ஸ் எஃபெக்டை 1/2ல (அரை பீட்டுக்கு ஒரு சுத்து) போட்டா சில சமயம் கிக் ட்ரம்மையே முழுங்கிடுது. இன்னொண்ணு, யூனிட்டை ஆன் பண்ணாலே, எந்த எஃபெக்டும் போடாதப்பகூட பாட்டு குழாய்க்குள்ள பாடுற மாதிரி இருக்கு. போன வாரம் ஒரு செட்ல ட்ரான்ஸ் தப்பா வெட்டி ஆடிட்டு இருந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிக்கும்ஸ்நேரும்

ப்ரோ, எக்கோ பிரச்சனையும் ட்ரான்ஸ் பிரச்சனையும் வேற வேற, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க.

எக்கோவுக்கு வேகம் மட்டும் சரியா தெரிஞ்சா போதும். நீங்க எந்த நொடியில பட்டனை அழுத்துனாலும் உள்ள போன சத்தம் இவ்வளவு நேரம் கழிச்சு திரும்ப வரும், அவ்வளவுதான் அதோட வேலை, கிக் உள்ள போனா ஒரு பீட் கழிச்சு அடுத்த கிக் மேலயே வந்து விழும். அதனால எக்கோ நழுவுதுன்னா நம்பர் தப்பு. ட்ரான்ஸ், ஃப்ளேஞ்சர், ஆட்டோ ஃபில்டர் இதெல்லாம் அப்படி இல்ல, உள்ள ஒரு சக்கரம் சுத்திகிட்டு இருக்கு, அதுக்கு வேகமும் தெரியணும், "ஒண்ணு", அதாவது தாளத்தோட முதல் அடி, எங்க இருக்குன்னும் தெரியணும். நம்பர் 120ன்னு கரெக்டா இருந்தும் நீங்க கால் பீட் தள்ளி அழுத்துனா, 1/2 ட்ரான்ஸ் கிக் மேல வாயை மூடிட்டு கிக் இல்லாத இடத்துல வாயைத் திறக்கும். நெறைய யூனிட்ல நீங்க அழுத்துற நொடியிலேருந்துதான் சக்கரமே சுத்த ஆரம்பிக்கும். அதனால ட்ரான்ஸுக்கு "ரெண்டு, மூணு, நாலு"ன்னு மனசுல எண்ணிட்டு ஒண்ணுல சரியா அழுத்துங்க. ரோல் எஃபெக்டும் அப்படித்தான், அழுத்துன இடத்துலேருந்துதான் துண்டை வெட்டி திரும்பத் திரும்ப ஓட்டும்.

இப்ப நம்பர் கணக்கு. 60000ஐ பிபிஎம்மால வகுத்தா ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லி செகண்ட்ன்னு வரும். 120க்கு 500, 121க்கு சுமார் 496. நாலு மில்லி செகண்ட்தானேன்னு தோணும், ஆனா ஒவ்வொரு எக்கோவும் முன்னாடி வந்ததோட திரும்பல், அந்த நாலு கூடிகிட்டே போகும், எட்டாவது எக்கோவுல 33 மில்லி செகண்ட் முன்னாடி வந்து நிக்கும். கிக் பக்கத்துல இன்னொரு கிக் தடுக்கி விழற மாதிரி கேக்கும். நீங்க சொன்ன "நாலாவது அஞ்சாவதுலயே நழுவுது" இதேதான்.

அந்த 80 இன்னும் சுவாரசியம். 120ல மூணுல ரெண்டு பங்கு 80. அதுல ஒரு பீட் 750 மில்லி செகண்ட், அதாவது நம்ம பாட்டுல ஒண்ணரை பீட். அப்ப எக்கோ ஒண்ணு விட்டு ஒண்ணு சரியா விழும், நடுவுல வர்றது இடுக்குல விழும். பாதி சரியா பாதி தப்பா கேட்டா உடனே ஸ்கிரீனைப் பாருங்க, இப்படித்தான் தப்பா எண்ணியிருக்கும். 60ன்னு பாதியா எண்ணுனா தாளம் கெடாது, ஆனா 1/2 போட்டா ஒரு பீட் எக்கோ வரும், மந்தமா இருக்கும்.

தட்டுறவிரல்

மேல சொன்னது எல்லாம் சரி, நான் ஒண்ணு சேர்த்துக்கறேன், ஏன்னா இதுல நானும் ரொம்ப நாள் அடிபட்டிருக்கேன். ஆட்டோ பிபிஎம் குதிக்கிறதுக்கு காரணம் அது பாட்டுல அடி எங்க விழுதுன்னு தேடுது, வெறும் குரலும் பேடும் (அடி இல்லாம நீளமா இழுக்கிற கீபோர்டு சத்தம்) ஓடுற இடத்துல தேட என்ன இருக்கு? ட்ரம் நல்லா ஓடுறப்பவே நம்பரைப் பாத்து வச்சுகிட்டு, வேண்டிய இடத்துக்கு முன்னாடியே டேப் (tap) மோடுக்கு, அதாவது நீங்களே பட்டனைத் தட்டி வேகத்தைச் சொல்ற மோடுக்கு, மாத்திடுங்க. டேப் பண்ணும்போது ரெண்டு தட்டு பத்தாது, எட்டாவது தட்டுங்க, நெறைய யூனிட் அதையெல்லாம் சராசரி எடுக்கும். முதல்ல காலால தரையில தாளம் போட்டுட்டு, கால் கூட விரலைச் சேத்துங்க. வெறும் விரலால ஆரம்பிச்சா அவசரத்துல எல்லாருக்கும் வேகம் ஏறிடும்.

முக்கியமானது இப்ப சொல்றேன். எக்கோ வாலை விட்டுட்டு அடுத்த பாட்டை ஏத்தறீங்க இல்லையா, அப்ப யூனிட் காதுல விழறது அடுத்த பாட்டு. ஆட்டோலயே இருந்தா அது புதுப் பாட்டோட வேகத்துக்கு மாறும், 120லேருந்து 128க்குப் போனா 500 மில்லி செகண்ட் 469க்கு சுருங்கும், ஓடிட்டு இருக்கிற வால் "விய்ங்"ன்னு சுருதி ஏறி ஒரு சத்தம் போடும். ஒலிநாடா வேகத்தை மாத்துனா வர்ற அதே சத்தம்தான். 1974ல ரோலண்ட் விட்ட ஸ்பேஸ் எக்கோ மாதிரி ஒலிநாடா மெஷின்ல அந்த சத்தத்துக்காகவே வேக நாபைத் திருப்புனாங்க, ஆனா நாம கேக்காம வந்தா செட்டே கெட்டுப் போகும். அதனால வாலை விடறதுக்கு முன்னாடி டெம்போவைப் பூட்டுங்க அண்ணே, இது ஒண்ணை மட்டும் பழக்கமாக்கிக்கோங்க.

நிஜ ட்ரம்மர் வாசிச்ச பழைய ரெக்கார்டிங்னா ஒரே பாட்டுக்குள்ளயே வேகம் ஏறி இறங்கும், எந்த நம்பரும் முழுசா ஒத்துவராது. அங்க ஃபீட்பேக்கை (எக்கோ எத்தனை தடவை திரும்பணும்ங்கற அளவு) குறைச்சு மூணு எக்கோவோட நிறுத்திடுங்க, தப்பு கூடறதுக்குள்ள சத்தம் அடங்கிடும்.

ஒலிப்பித்தன்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இதை யாரும் இப்படி பிரிச்சு சொன்னதே இல்ல. காலையிலேருந்து உக்காந்து எண்ணி எண்ணி ட்ரான்ஸ் அழுத்திப் பாத்தேன், பத்துல எட்டு தடவை சரியா விழுது. வால் விடறதுக்கு முன்னாடி டேப் மோடுக்கு மாத்துனேன், அந்த "விய்ங்" போயே போச்சு, அது என்னன்னே தெரியாம இத்தனை நாள் யூனிட் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன். குழாய் சத்தம் மட்டும் அப்படியே இருக்கு.

வயர்மேன்

குழாய் சத்தம் வயரிங் விஷயம். சென்ட் ரிட்டர்ன்ல மாட்டும்போது ஒரிஜினல் பாட்டு மிக்ஸர் வழியா ஏற்கனவே வெளிய போகுது. உங்க யூனிட்டும் அதே ஒரிஜினலை எஃபெக்ட் கூட கலந்து திருப்பி அனுப்புது. டிஜிட்டல் யூனிட்ல உள்ள போய் வெளிய வர சில மில்லி செகண்ட் ஆகும், ஒரே சத்தம் லேசா தள்ளி ரெண்டு தடவை வந்தா சில அலைவரிசை ஒண்ணையொண்ணு அடிச்சு அழிச்சுடும், அதான் பாட்டு குழியா கேக்குது. யூனிட்ல ட்ரை லெவலை (ஒரிஜினல் சத்தம்) முழுசா மூடுங்க, இல்ல மிக்ஸ் நாபை முழுசா வெட் (எஃபெக்ட் சத்தம் மட்டும்) பக்கம் திருப்புங்க. எவ்வளவு எஃபெக்ட் வேணுங்கறதை மிக்ஸர்ல சென்ட் நாப் தீர்மானிக்கட்டும். மிக்ஸர்ல ரிட்டர்னை இன்ஸர்ட்டா, அதாவது முழு பாட்டும் யூனிட் வழியாவே போற மாதிரி, வைக்கிற வசதி இருந்தா கதை நேர் எதிர், அங்க ட்ரை மூடுனா பாட்டே நின்னுடும், ஜாக்கிரதை.

கம்ப்யூட்டர் வச்சு வாசிக்கிறவரா இருந்தா மிடி கிளாக்கையும் (கம்ப்யூட்டர் யூனிட்டுக்கு அனுப்புற தாளத் துடிப்பு) யோசிங்க. ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும், யூனிட் பாட்டைக் கேட்டு யூகிக்க வேண்டியதில்ல, நம்பர் குதிக்காது. ஆனா கிளாக் வேகத்தை மட்டும்தான் சொல்லும், "ஒண்ணு" எங்கங்கறதை ஸ்டார்ட் செய்திதான் சொல்லும், அது தப்பான இடத்துல போனா ட்ரான்ஸ் திரும்பவும் கிக்கை முழுங்கும்.

ஒலிப்பித்தன்

ட்ரை மூடுனேன், சத்தம் அப்படியே திறந்துகிச்சு, ரொம்ப நன்றி ஜி! கடைசியா ஒண்ணு, பீட் பட்டன்ல 3/4ன்னு இருக்கே, அது எதுக்கு? போட்டா நல்லா இருக்கு, ஆனா தாளத்துல இருக்கா இல்லையான்னே சொல்ல முடியல.

கிக்கும்ஸ்நேரும்

அட, எனக்கு ரொம்ப புடிச்ச பட்டனை கேட்டுட்டீங்க. 120ல அது 375 மில்லி செகண்ட். 1 பீட் எக்கோ போட்டா எல்லாம் அடி மேலயே விழும், பாதி கிக்குக்கு அடியில ஒளிஞ்சுக்கும், காதுக்கு ஒண்ணும் புதுசா தெரியாது. 3/4 போட்டா முதல் எக்கோ அடுத்த அடிக்கு கால் பீட் முன்னாடி, ரெண்டாவது ரெண்டு அடிக்கு சரியா நடுவுல, மூணாவது கால் பீட் தள்ளி, நாலாவதுதான் அடி மேல வந்து உக்காரும். மூணு பீட்டுக்கு ஒரு தடவை அடியைத் தொடும், நாலு பீட் பாட்டுல பன்னண்டு பீட் அதாவது மூணு பார் ஆனாத்தான் திரும்ப "ஒண்ணு"ல சேரும். அந்த இடைவெளியிலதான் எக்கோ தனியா காதுல விழுது, தாளத்தை விட்டும் போகல.

முழு ட்ரம் மேல போடாதீங்க, கூட்டமாயிடும். ட்ரம் நிக்கிற இடத்துல ஒரே ஒரு வார்த்தை, ஒரு கைத்தட்டல், ஒரு ஸ்நேர், அது மேல மட்டும் சென்ட் நாபை ஒரு நொடி திறந்து மூடுங்க. திறக்கறதுக்கு முன்னாடி அந்த சேனல்ல லோ ஈக்யூவை (பாஸ் சத்தத்துக்கான நாப்) இறக்கிடுங்க, இல்லன்னா பாஸும் எக்கோவுல மாட்டி அடுத்த பாட்டோட கிக்கை மூடிடும்.

தட்டுறவிரல்

ஆறு எட்டு தாளத்துல ஓடுற பாட்டுக்கு மட்டும் இந்த 3/4ஐ போட்டுடாதீங்க அண்ணே, அங்க ஒவ்வொரு பீட்டும் மூணா பிரியுது, 3/4 எதுலயும் பொருந்தாது. யூனிட்ல 1/3, 2/3 இருந்தா அதைப் போடுங்க, இல்லன்னா 1 பீட்லயே இருந்துடுங்க. அந்த மாதிரி பாட்டுலதான் ஆட்டோ பிபிஎம் அதிகமா ஏமாறும், உங்களுக்கு 80 காட்டுன பாட்டு எதுன்னு ஞாபகம் இருந்தா திரும்ப போட்டு எண்ணிப் பாருங்க, ரெண்டா பிரியுதா மூணா பிரியுதான்னு.